ஆன்டிபாடி ரிப்போர்ட்டில் ‘250-க்கு மேல்’ என்றால் இனி கொரோனா பயம் இல்லையா?

மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் 54 வயது வாசகி ஒருவரின் கடிதம் இது. யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் மூன்று பேர். வாசகி 2021-ல் இரண்டு டோஸ் கோவிஷீல்டும் 2022-ல் மூன்றாவது டோஸும் போட்டுக்கொண்டவர். 2022 ஜனவரியில் ஒரு முறை கொரோனா, 2025 ஜூனில் மறுபடி ஒரு முறை. இரண்டும் காய்ச்சல், தொண்டை வலியோடு போய்விட்டன. கணவருக்கு 61 வயது. ஆறு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றையும் தினமும் எடுத்து வருகிறார். அவருக்கும் மூன்று டோஸ் கோவிஷீல்டு. இதுவரை கொரோனா வந்ததாகத் தெரியவில்லை. 80 வயது மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, கோவேக்சின் போட்டவர்.

சமீபத்தில் லேப் ஒன்றில் மூவருக்கும் ஆன்டிபாடி பார்த்திருக்கிறார்கள். வாசகியின் ஸ்பைக் (வைரஸின் மேல் முள்போல் நீட்டியிருக்கும் புரதம்) ஆன்டிபாடி ‘250-க்கு மேல்’. கணவருக்கு 3.1, பக்கத்தில் ‘பாசிட்டிவ்’ என்று அச்சாகியிருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாமியாருக்கு நியூக்ளியோகேப்சிட் (வைரஸின் உள்ளே இருக்கும் புரதம்) ஆன்டிபாடி பாசிட்டிவ்.

கேள்விகள் இவை: 250-க்கு மேல் இருப்பதால் எனக்கு இனி வராதா? கணவருக்குப் பாசிட்டிவ் வந்ததே, போதாதா? மாமியாருக்குத் தெரியாமலேயே கொரோனா வந்துபோயிருக்கிறதா? “உடம்பு பழைய வைரஸைத்தான் நினைவில் வைத்திருக்கும், இனி ஊசி போட்டால் டெங்கு மாதிரி ஆகிவிடும்” என்கிறான் மகன், உண்மையா? 2021-ல் எங்கள் சொசைட்டியில் ஒருவருக்கு ஆன்டிபாடி காக்டெயில் ஏற்றினார்கள். அதைக் கணவருக்கு முன்கூட்டியே போட்டுவைக்கலாமா? அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் பாக்ஸ்லோவிட் மாத்திரை ஒரு கோர்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காய்ச்சல் வந்த உடனே கணவருக்குக் கொடுத்துவிடலாமா? தை மாதம் திருநெல்வேலியில் நெருங்கிய உறவில் கல்யாணம். மூவரும் ரயிலில் போகலாமா?

அம்மா, உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். ஆறாவதாக, போகிற போக்கில் கேட்டதுதான் இவற்றில் அவசரமானது.

அந்த மாத்திரையை எடுத்துத் தனியே வையுங்கள்

பாக்ஸ்லோவிட்டில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. வைரஸைத் தடுப்பது நிர்மாட்ரெல்விர். அது உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ரிட்டோனாவிர். ரிட்டோனாவிர் இதைச் செய்வது, கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் ஒரு நொதியை முடக்கித்தான். உங்கள் கணவரின் டாக்ரோலிமஸை உடைப்பதும் அதே நொதி. அது முடங்கினால், அவர் வழக்கமான அளவே சாப்பிட்டாலும் ஓரிரு நாளில் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் பல மடங்கு ஏறிவிடும். கை நடுக்கம், தலைவலி, வாந்தி என்று தொடங்கி, சிறுநீரகம் சிரமப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும், பொட்டாசியம் ஏறும். கொரோனாவிலிருந்து காப்பாற்றப்போய், மாற்றி வைத்த சிறுநீரகத்துக்கே ஆபத்தாகிவிடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இந்த விளைவு சில நாள் நீடிக்கும்.

மாற்று உறுப்புள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சில மையங்களில் டாக்ரோலிமஸை அந்த நாட்களில் நிறுத்தி வைத்து, ரத்த அளவைப் பார்த்துப் பார்த்து மறுபடி தொடங்குவார்கள். அது மருத்துவக் குழு செய்யும் வேலை. வீட்டில் செய்யக் கூடாது. மாமியாருக்கும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்றவற்றையும் ரிட்டோனாவிர் பாதிக்கும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு மருந்தின் அளவையும் குறைக்க வேண்டும். அவருக்கு அது பயன்படக்கூடும், ஆனால் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் டாக்டர் பார்த்த பிறகுதான்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

உங்கள் லேப் பயன்படுத்திய முறையில் 0.8-க்குக் கீழே இருந்தால் நெகட்டிவ், அதற்கு மேல் பாசிட்டிவ். 250 என்பது கருவியின் உச்சவரம்பு. ரத்தத்தை நீர்த்துப் போட்டு மறுபடி அளந்தால் ஒழிய, அதற்கு மேல் 300 இருக்கிறதா 12,000 இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆகவே ‘250-க்கு மேல்’ என்பது, மூன்று டோஸும் இரண்டு தொற்றும் கண்ட யாருக்கும் வரக்கூடிய சாதாரண முடிவு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அந்தச் சோதனைக் குப்பியில் இருக்கும் ஸ்பைக் துண்டு, 2020-ல் முதலில் வந்த வைரஸினுடையது. உங்கள் ஆன்டிபாடி அந்தப் பழைய துண்டில் ஒட்டுகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. இன்று காற்றில் இருக்கும் வைரஸில் ஒட்டுமா என்பது வேறு கேள்வி. ஒட்டினாலும், வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்குமா என்பது இன்னொரு கேள்வி. ஒட்டும் ஆன்டிபாடிகள் எல்லாம் தடுப்பவை அல்ல. தடுக்கும் திறனை அளக்க நியூட்ரலைசேஷன் சோதனை என்று ஒன்று உண்டு: சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) 20 மடங்கு, 40, 80, 160 என்று நீர்த்துக்கொண்டே போய், எந்த நிலையில் பாதி வைரஸ் தப்பிவிடுகிறது என்று பார்ப்பார்கள். இது ஆராய்ச்சிக் கூடத்து வேலை. தெருமுனை லேப்பில் கிடைக்காது.

இதனால்தான் தடுப்பூசிக்குப் பின் பாதுகாப்பை அளக்க ஆன்டிபாடி சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மே மாதமே சொன்னது. ஹெல்த் செக்-அப் பேக்கேஜில் சேர்த்து இதை அடிக்கடி பார்க்க வேண்டாம். வேறு லேப்பில் வேறு யூனிட்டில் வரும் எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஏறியது இறங்கியது என்று கவலைப்படுவதிலும் அர்த்தமில்லை.

கணவரின் 3.1-க்கும் இதே விளக்கம்தான், ஆனால் பலன் வேறு. ‘பாசிட்டிவ்’ என்ற சொல், அவர் உடம்பில் ஆன்டிபாடி கொஞ்சமாவது இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. பழைய வைரஸுக்கே அவ்வளவு குறைவு என்றால், பழையதிலிருந்து வெகுதூரம் விலகிவிட்ட இன்றைய வைரஸைத் தடுக்கும் திறன் அவர் ரத்தத்தில் அநேகமாக இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முக்கியக் காரணம் மைக்கோஃபினோலேட். ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள் பெருகுவதை அது தடுக்கிறது. புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்க அதுதான் வேண்டும். உறுப்பு மாற்றிக்கொண்ட 658 பேரை வைத்து 2021-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இரண்டு டோஸ் எம்ஆர்என்ஏ (ஃபைசர், மாடர்னா வகை) ஊசிக்குப் பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி வந்திருந்தது. ஆகவே ஊசி சரியில்லையோ, போட்ட இடம் சரியில்லையோ என்று யாரையும் குறை சொல்ல வேண்டாம். “அப்படியானால் மைக்கோஃபினோலேட்டைச் சில நாள் நிறுத்திவிட்டு ஊசி போட்டால் என்ன” என்று நீங்களாக முடிவெடுக்கவும் வேண்டாம். அந்தச் சில நாளில் உறுப்பு நிராகரிப்பு தொடங்கிவிடலாம்.

மாமியாரின் ரிப்போர்ட்டை ஒரே வரியில் முடித்துவிடலாம். கோவேக்சின் முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்த ஊசி. ஆகவே ஸ்பைக்குக்கு மட்டுமல்லாமல் நியூக்ளியோகேப்சிட்டுக்கும் ஆன்டிபாடி உண்டாக்கும். அவருக்கு வந்த பாசிட்டிவ் ஊசியால் வந்ததா, தொற்றால் வந்ததா என்று அந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. கோவிஷீல்டில் ஸ்பைக் மட்டும் இருப்பதால், உங்களுக்கும் கணவருக்கும்தான் அந்தச் சோதனை பழைய தொற்றைக் காட்டிக்கொடுக்கும். அதுவும் நாளாக நாளாக மங்கிவிடும்.

வைரஸ் எதை மாற்றிக்கொள்கிறது, உடம்பு என்ன செய்கிறது

மகன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் மீதி பயம் போய்விடும்.

வைரஸின் ஸ்பைக் 1,273 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். நம் செல்லின் ஏசிஇ2 என்ற வாசலைத் தொடுவது அதில் 200 சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பகுதி. தொற்றைத் தடுக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை ஒட்டுவது இந்தச் சிறு பகுதியில்தான். அவை ஒட்டும் இடத்தை வைத்து ஆராய்ச்சியாளர்கள் நான்கு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு வகுப்புகள் ஏசிஇ2 தொடும் விளிம்பிலேயே உட்கார்ந்து வாசலை மறிக்கும், வீரியம் அதிகம். மற்ற இரண்டும் பக்கவாட்டிலும் அடியிலும் பிடிக்கும். வைரஸ் அடிக்கடி மாற்ற முடியாத இடங்கள் அங்கே கூடுதல்.

மனிதர்கள் வேறு வேறு என்றாலும், இந்த வைரஸுக்கு நம்மில் பலருடைய உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரி ஆன்டிபாடியைத்தான் முதலில் செய்கிறது. விஹெச்3-53 என்ற மரபணுவிலிருந்து வரும் முதல் வகுப்பு ஆன்டிபாடிகள் அப்படிப்பட்டவை. கோடிக்கணக்கானோர் ஒரே இடத்தில் அழுத்தும்போது, அந்த ஓர் இடத்தை மாற்றிக்கொண்ட வைரஸுக்கு ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான கதவுகள் திறக்கின்றன. பீட்டா திரிபு 417-ஆம் இடத்தில் லைசினை எடுத்துவிட்டு அஸ்பராஜினை வைத்தது. முதல் வகுப்பின் பிடி தளர்ந்தது. 484-ஆம் இடத்தில் எதிர்மின்னேற்றம் உள்ள குளூட்டமிக் அமிலத்தை நேர்மின்னேற்றம் உள்ள லைசினாக மாற்றியது. இரண்டாம் வகுப்பு ஒட்ட முடியாமல் போனது. டெல்டா 452-ஐ மாற்றியது. 2021 நவம்பரில் வந்த ஒமிக்ரான், ஸ்பைக்கில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்தது. அவற்றில் 15 அந்தச் சிறு பகுதியில். இரண்டு டோஸ் மட்டும் போட்டவர்களின் சீரத்தை ஆராய்ச்சிக் கூடங்களில் வைத்துப் பார்த்தபோது, தடுப்புத் திறன் 20 மடங்குக்கும் மேல் சரிந்திருந்தது. பிறகு ஒமிக்ரானின் வாரிசுகளாக பிஏ.5, எக்ஸ்பிபி என்று வந்தவை 486-ஐ மாற்றின. ஜேஎன்.1 455-ஐ மாற்றியது. அதன் வழியில் வந்த கேபி.3 456, 493 இரண்டையும் மாற்றியது. 2025 ஜூனில் உங்களுக்கு வந்தது அநேகமாக இந்த ஜேஎன்.1 குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அப்போது நாட்டில் பரவிக்கொண்டிருந்தது அந்தக் குடும்பம்.

ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வருவதற்கு இந்த உருமாற்றம் ஒரு காரணம். இன்னொன்று காலம். உங்கள் பகுதி அடங்கிய எஃப் நார்த் வார்டு உட்பட மும்பையின் மூன்று வார்டுகளில் 2020 ஜூலையில் நடந்த ஆய்வில், குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும் மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதம் பேருக்கும் ஆன்டிபாடி இருந்தது. டெல்லியில் 2021 ஜனவரியில் 56 சதவீதம். ‘பாதிப் பேருக்கு மேல் வந்துபோய்விட்டது, இனி அலை வராது’ என்று அன்று பலர் நம்பினார்கள். ஏப்ரலில் டெல்டா டெல்லியை என்ன பாடுபடுத்தியது என்பதை நாடே பார்த்தது. ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பது வேறு, அது புதிய வைரஸுக்குப் போதுமானதாக இருப்பது வேறு என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம்.

சரி, உடம்பு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறதா? இல்லை. ரத்தத்தில் சுற்றும் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 21 நாள். தொற்றோ ஊசியோ முடிந்தபின் அளவு குறைவது இயல்பு. ஆனால் நிணநீர்க் கணுக்களுக்குள் வேறொரு வேலை மாதக்கணக்கில் நடக்கிறது. அங்கே பி செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவைத் தாங்களே சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கின்றன. நன்றாக ஒட்டுவது பிழைக்கிறது, ஒட்டாதது மடிகிறது. வைரஸ் வெளியே செய்யும் அதே வேலையை நம் செல்கள் உள்ளே செய்கின்றன. கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் நினைவு பி செல்களைப் பார்த்தபோது, ஒரு மாதத்தில் இருந்ததைவிட ஆறு மாதத்தில் கூடுதல் மாற்றங்களோடு, உருமாறிய வைரஸ்களையும் பிடிக்கக்கூடியவையாக இருந்தன. ரத்தத்தில் எண் இறங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் உள்ளே தரம் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது டோஸுக்குப் பிறகு பலருக்கு ஒமிக்ரானைத் தடுக்கும் திறன் திரும்பியதற்கும் இது ஒரு காரணம். அந்த ஊசியில் இருந்தது பழைய ஸ்பைக்தான் என்றாலும்.

இனி அந்த ‘பழையதையே நினைவில் வைத்திருக்கும்’ விஷயம். தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்தால், அவர் அதை வைத்துத்தான் புதியதை வெட்டுவார். அங்கங்கே பிடித்தும் விட்டும் திருத்துவார். நம் உடம்பும் அப்படித்தான். புதிய திரிபு வரும்போது, முதல் வைரஸையோ முதல் ஊசியையோ கண்டு உருவான நினைவு பி செல்கள்தான் முதலில் எழுகின்றன. ஒமிக்ரான் வந்துபோன தடுப்பூசிக்காரர்களிடம் கிடைத்த ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை பழைய வைரஸையும் ஒமிக்ரானையும் சேர்த்துப் பிடிப்பவை. ஒமிக்ரானுக்கென்றே புதிதாகப் பிறந்தவை குறைவு. ஃப்ளூவில் இதை 1960-லேயே தாமஸ் ஃபிரான்சிஸ் விவரித்திருக்கிறார்.

இதில் நஷ்டமும் உண்டு, லாபமும் உண்டு. நஷ்டம், புதிய திரிபுக்கே உரிய இடங்களைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகள் தாமதமாக, குறைவாக வருவது. லாபம், வேகம். முதன்முறை தொற்றியவருக்கு வாரங்கள் ஆகும் வேலை, நினைவு உள்ளவருக்கு ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்தப் பதிவு அழியாத எழுத்தும் அல்ல. புதிய திரிபை இரண்டாவது முறையும் சந்தித்தவர்களிடம் பழையதன் ஆதிக்கம் தளர்வதைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு முறை ஒமிக்ரான் குடும்பத்து வைரஸைச் சந்தித்த நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இத்தோடு, தொற்றிய செல்களைக் கண்டுபிடித்து அழிக்க உதவும் டி செல்களும் இருக்கின்றன. அவை ஸ்பைக்கின் ஒரு சிறு விளிம்பை மட்டும் பார்ப்பதில்லை. வைரஸின் பல புரதங்களைத் துண்டு துண்டாகப் பார்க்கின்றன. ஒமிக்ரானிலும் அந்தத் துண்டுகளில் பெரும்பகுதி மாறவில்லை. ஆன்டிபாடியின் அளவுக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 2021-ல் வெளியான கணக்கீடு ஒன்று இதையே வேறு கோணத்தில் காட்டியது: அறிகுறியோடு கூடிய தொற்றைப் பாதியாகக் குறைக்க, நோயிலிருந்து மீண்டவர்களின் சராசரி அளவில் 20 சதவீதம் தேவைப்பட்டது, கடும் நோயைப் பாதியாகக் குறைக்க 3 சதவீதமே போதுமாக இருந்தது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: மறுபடி வரலாம். ஆனால் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் குறைவு. அதற்குக் காரணம் அந்த 250 அல்ல. அதன் பின்னால், அந்தச் சோதனையில் தெரியாமல் இருக்கும் நினைவு செல்கள்.

டெங்கு மாதிரி ஆகுமா

டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. ஒன்றுக்கு உண்டான ஆன்டிபாடி, இன்னொரு வகையை அரைகுறையாகப் பிடித்து, அதைச் சில வெள்ளணுக்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது உண்மை. டெங்கு வைரஸ் பெருகுவதே அந்த வெள்ளணுக்களில் என்பதால் அங்கே நோய் முற்றுகிறது. கொரோனா முக்கியமாகப் பெருகுவது மூக்கு, தொண்டை, நுரையீரலின் மேல்படலச் செல்களில். ஆன்டிபாடி வழியாக நுழைய அங்கே வசதியில்லை. இந்தப் பயம் 2020-ல் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்ததால்தான் தொடக்கத்திலிருந்தே தேடினார்கள். கோடிக்கணக்கான ஊசிகளுக்கும், திரிபு மேல் திரிபாக வந்த தொற்றுகளுக்கும் பிறகு, பழைய ஆன்டிபாடி உள்ளவர்களுக்குக் கடும் நோய் குறைந்ததே தவிர கூடவில்லை. மகனிடம் கோபிக்காமல் இதைச் சொல்லுங்கள். அவன் கேட்டது நியாயமான கேள்விதான்.

காக்டெயில் இன்று ஏன் உதவாது

2021-ல் உங்கள் சொசைட்டிக்காரருக்கு ஏற்றியது காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற இரண்டு ஆன்டிபாடிகளின் கலவையாக இருக்கும். டெல்டா வரை அது நன்றாக வேலை செய்தது. ஒமிக்ரான் வந்ததும் இரண்டு ஒட்டுமிடங்களும் ஒரே நேரத்தில் மாறிவிட்டன. 2022 ஜனவரியில் அமெரிக்கா அதை நிறுத்திவிட்டது. 2003-ல் சார்ஸ் வந்து மீண்ட ஒருவரிடமிருந்து எடுத்த ஆன்டிபாடியிலிருந்து உருவான சோட்ரோவிமாப், முதல் ஒமிக்ரானைத் தாங்கியது, பிஏ.2-விடம் தோற்றது. உங்கள் கணவர் போன்றவர்களுக்கென்றே முன்கூட்டிப் போட வந்த எவுஷெல்டு என்ற ஆன்டிபாடி ஊசியும் அமெரிக்காவில் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. உடம்பு தானே செய்வது நூற்றுக்கணக்கான விதமான ஆன்டிபாடிகளின் கூட்டம். சில தோற்றாலும் சில நிற்கும். மருந்தில் இருப்பது ஒன்றோ இரண்டோ. யாராவது அந்தப் பழைய காக்டெயிலை இன்று வாங்கித் தருகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள். கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாவும் வேண்டாம். இந்தியாவில் 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் அது பலன் தரவில்லை; 2021 மே மாதம் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

கணவருக்கு எழுதி வைக்க வேண்டிய திட்டம்

இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

காய்ச்சல், தொண்டை வலி, சளி, வயிற்றுப்போக்கு இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆன்டிஜென் சோதனை. நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக உட்காராமல் ஆர்டி-பிசிஆர். பாசிட்டிவ் என்றால் அதே நாளில் உறுப்பு மாற்று சிகிச்சைக் குழுவுக்கு போன். அவர்கள் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தின் மூன்று நாள் ஊசியைத் தேர்வு செய்யக்கூடும்: முதல் நாள் 200 மி.கி., அடுத்த இரண்டு நாள் 100 மி.கி. வீதம், நரம்பு வழியாக. டாக்ரோலிமஸோடு ரிட்டோனாவிர் அளவுக்கு மோதாது என்பது இதன் வசதி. அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. “ரெண்டு நாள் பார்ப்போம்” என்பது உங்களுக்குச் சரி, அவருக்குச் சரியல்ல.

ஆக்சிமீட்டரில் காலை, மாலை பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது 94-க்குக் கீழே போனால், அல்லது ஆறு நிமிடம் வீட்டுக்குள் நடந்தபின் மூன்று நான்கு புள்ளி இறங்கினால், ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். முதல் நாளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்க வேண்டாம். ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் அது கேடு செய்யும். ஏற்கெனவே எடுக்கும் பிரெட்னிசோலோனை நிறுத்தவும் வேண்டாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. எதிர்ப்பு குறைந்தவர்கள் உடம்பில் வைரஸ் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் தங்கிவிடும். அரைகுறை எதிர்ப்புக்கு நடுவே நீண்ட நாள் பெருகும்போது அங்கேயே உருமாற்றங்கள் சேர்கின்றன. ஒமிக்ரான் போன்ற பெரும் பாய்ச்சல்கள் இப்படி ஓர் உடம்பில்தான் தொடங்கியிருக்கும் என்பது வலுவான கருத்து. ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டாலும், இருமலோ அசதியோ இரண்டு மூன்று வாரம் நீண்டால் மறுபடி சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசியைப் பொறுத்தவரை, அவருக்கு இன்னொரு டோஸ் வீண் என்று எண்ண வேண்டாம். ஆன்டிபாடி வராத சிலருக்கும் டி செல் பதில் வருகிறது. மூன்றில் வராதது நான்கில் வந்தவர்களும் உண்டு. எந்த ஊசி, எப்போது என்பதை நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக மருத்துவர்) கேளுங்கள். தேர்ந்தெடுக்க முடிந்தால் புதிய திரிபை வைத்துத் தயாரித்ததே நல்லது. நம் நாட்டில் ஒமிக்ரானை வைத்துத் தயாரித்த ஜெம்கோவாக்-ஓஎம் 2023 ஜூனில் அவசர அனுமதி பெற்றது, வெளிநாடுகளில் எக்ஸ்பிபி.1.5, பிறகு ஜேஎன்.1 குடும்பம் என்று ஊசியைப் புதுப்பித்து வருகிறார்கள். உங்களுக்கு அவசரம் இல்லை. உங்கள் இரண்டாவது தொற்றே உங்களுக்கு ஒரு புதுப்பித்தல்தான்.

ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியை முறைப்படி, கணவருக்கும் மாமியாருக்கும் போட்டுவிடுங்கள். இவை உயிரற்றவை, கணவருக்கும் போடலாம். உயிருள்ள கிருமி கொண்ட எந்த ஊசியும் அவருக்குக் கூடாது.

திருநெல்வேலிக் கல்யாணம்

போய்வாருங்கள். உறவுகளை விட்டு வருடக்கணக்கில் ஒதுங்கியிருப்பதும் உடம்புக்கு ஆகாது. புறப்படும் வாரத்தில் நீங்கள் மூவரும் கூட்டம் தவிர்த்து இருங்கள். யாருக்காவது சளி பிடித்தால் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் ஏசி பெட்டி என்றால் கணவர் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், துணிக் கவசம் போதாது. இரண்டு மூன்று உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போதுதான் கவசம் கழலும். ஆகவே பந்தியில் முதல் நெரிசல் அடங்கியபின், ஜன்னலோரமாகவோ வெளித் திண்ணையிலோ அவரை உட்கார வையுங்கள். மண்டபத்தில் ஏசி ஹாலைவிடத் திறந்த பக்கம் நல்லது. இருமிக்கொண்டே கட்டிப்பிடிக்க வரும் உறவினரிடம், “மாற்றுச் சிறுநீரகம், டாக்டர் சொல்லியிருக்கார்” என்று என் பேரில் பழியைப் போட்டுவிடுங்கள்.

டாக்ரோலிமஸும் மற்ற இரண்டும் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு உபரியாகக் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின், டாக்ரோலிமஸ் அளவு, மருந்துப் பட்டியல், மும்பை சிகிச்சைக் குழுவின் போன் எண் இவற்றை ஒரு தாளில் எழுதி, உங்கள் போனிலும் படமெடுத்து வையுங்கள். திருநெல்வேலியில் நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், அங்கிருக்கும் டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். அதன் தலைப்பிலேயே, ‘ரிட்டோனாவிர் கலந்த மருந்து கொடுக்குமுன் எங்கள் குழுவைக் கேட்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.